மிஞ்சியவளின் ஆராதனை

ஜெபவீட்டின் மூன்றாவது பெஞ்சு சூடாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள் கையை எடுத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வெயில் சூடில்லை; ஜன்னல் எதிர்ப்பக்கம். யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல, ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மரம் கதகதப்பாக இருந்தது. அவள் பூட்டைத் திறந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சாவி அவளிடம் மட்டும்தான் உண்டு.

தெருவில் அவளுக்குச் சனிக்கிழமை அக்கா என்று பெயர். வாரம் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து கிடப்பவள், வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்துவிடுவாள். கை வைக்காத சட்டையோடு கல்யாண மாப்பிள்ளையே வந்து வாசலில் நின்றாலும், மறுநாள் பொழுது இறங்கும்வரை கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். ஏழாம் நாள் ஓய்வுநாள். வேதத்தின் பத்துக் கட்டளைகளைச் சபையில் கற்பனை என்பார்கள். கற்பனை பத்து என்றால் பத்துதான், ஒன்பதரை கிடையாது என்பாள்.

இந்தச் சின்ன ஜெபவீட்டில் ஒரு காலத்தில் அறுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைசிக் காலத்தில் உலகமே ஒரு சொரூபத்தின், ஒரு சிலையின் முன்னால் போய் விழும், கற்பனைகளைக் கைக்கொள்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சுவார்கள் என்று போதகர் சொல்லும்போது, அறுபது பேரும் தாங்கள்தான் அந்த விரல்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். போதகர் போய்ச் சேர்ந்தார். பெரிய சாலையில் திரையும் விளக்குமாக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று தொடங்கியது. ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். போன மாதம் தங்கச்சியும் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் வாசலில் நின்று தங்கச்சி கேட்டாள்: "ஒத்தையா நின்னு யாருக்குக்கா பிரசங்கம் பண்ற? செவுத்துக்கா?"

"கூட்டத்தப் பாத்தா கும்பிடுவாங்க?"

"அதுக்கில்லக்கா. ஒரு ஆமென் சொல்லக்கூட ஆளில்லாம... பயமா இல்லையா உனக்கு?"

"பயமென்ன? கடைசியா மிஞ்சறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

வீராப்பாகத்தான் சொன்னாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன். ஆனால் தங்கச்சி தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு குரலுக்காக அவள் மனசு ஏங்கிப்போயிருந்தது. யாராவது ஒரே ஒருவர் பதில் சொன்னால் போதும்.

பெஞ்சை விட்டு நகர்ந்து, முன்னால் இருந்த மேசைக்குப் பின் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். படம் இல்லை, சிலுவைகூட இல்லை. கண் எதிலும் தங்கக்கூடாது என்பது போதகர் வைத்த சட்டம். பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது அடியில், தன் குரலுக்கு அடியில், இன்னொரு குரல் மெல்லிசாக முனகிக்கொண்டு வருவதைக் கேட்டாள். நிறுத்தினாள். அது ஒரு மூச்சு நேரம் கழித்து நின்றது.

ஓடியிருக்கலாம். கதவு திறந்தேதான் கிடந்தது. வெளியே நல்ல பகல், யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் பயத்துக்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று.

அடுத்து கற்பனை வாசிப்பு. முன்னால் நிற்பவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சபை 'கைக்கொள்வோம், ஆண்டவரே' என்று பதில் சொல்வது இங்கே வழக்கம். ஆளில்லாத நாளிலும் அந்தப் பதிலுக்கான இடைவெளியை அவள் விட்டுத்தான் வாசிப்பாள். கர்த்தரைத் தவிர வேறு தெய்வம் இல்லை என்ற முதல் கற்பனையைச் சொல்லி நிறுத்தினாள்.

"கைக்கொள்வோம், ஆண்டவரே."

மூன்று நான்கு குரல்கள். பெஞ்சுகளில் யாரும் இல்லை. ஆனால் மரம் கிரீச்சிட்டது. சலவைத் துணியின் கஞ்சி வாசனையும், மழையில் நனைந்த தலைமுடியின் வாசனையும், ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தால் எழும் புழுக்கமும் அறையில் மெல்ல நிறைந்தன. அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொன்னாள். எந்தச் சொரூபத்தையும் உண்டாக்காதே, அதை வணங்காதே.

பதில் இல்லை.

இன்னொரு முறை சொன்னாள். புழுக்கம் வடிந்தது. வாசனை கதவு வழியாக வெளியேறுவதுபோல் மெலிந்தது. எங்கோ ஒரு பெஞ்சு, ஆள் எழுந்தால் விடுபடுவதுபோல் முனகியது. போகிறார்கள். இவர்களும் போகிறார்கள். மறுபடி வெறும் மரம், வெறும் சுவர், வீட்டில் ஒற்றைத் தட்டு. ஒன்றுதானே, ஒரே ஒரு முறைதானே என்று நினைத்தாள். இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவினாள்.

"கைக்கொள்வோம், ஆண்டவரே!"

அறுபது குரல்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓய்வுநாளைச் சொன்னபோது இன்னும் பலமாக. பத்தாவது முடிவதற்குள் அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபத்துக்கு இங்கே எல்லாரும் திரும்பிக்கொள்வார்கள். பெஞ்சின்மேல் முழங்கையை ஊன்றி, முகத்தை வாசல் பக்கம் வைத்து மண்டியிடுவார்கள். முன்னால் நிற்பவர் சுவரைப் பார்த்து, தன் நாற்காலிமேல் முழங்கையை ஊன்றி மண்டியிடுவார். யாரும் யாரையும் பார்த்து வணங்கிவிடக் கூடாது, அதற்காக. அவளும் திரும்பி மண்டியிட்டாள். பின்னால் நூற்றிருபது முழங்கால்கள் ஒன்றாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

முணுமுணுப்பு தொடங்கியது. கண்ணை மூடிக் கேட்டாள். வாசல் பக்கம் பேசினால் குரல் தேய்ந்துதான் வரவேண்டும். இது தேயவில்லை. நேராக வந்தது. அவள் முதுகில் மோதியது. பிடரியில் மூச்சுப் பட்டது. பலருடைய மூச்சு.

அவர்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

எழ முயன்றாள். முழங்கால் வரவில்லை. கையைப் பார்த்தாள். வெளுத்திருந்தது, சுண்ணாம்பு பூசியதுபோல. விட்டுவிட்ட கற்பனையைச் சொல்லிவிட நாக்கைத் தேடினாள். நாக்கு கல்லாகக் கிடந்தது.

கைகள். எத்தனையோ கைகள். உடையும் சாமானைத் தூக்குவதுபோல அவளைத் தூக்கின. மேசைமேல் வைத்தன. சபைப் பக்கம் திருப்பின.

ஏழு பெஞ்சும் நிறைந்திருந்தது. எல்லாரும் தெரிந்தவர்கள். விட்டுப் போனவர்கள். முன்வரிசையில் தங்கச்சி, கையைக் கூப்பிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

எந்திரிடி, ஓடு என்று கத்த நினைத்தாள். உதடு அசையவில்லை.

பிறகு அசைந்தது. அவள் அசைக்கவில்லை.

"என்னத் தவிர உங்களுக்கு வேற தெய்வம் இல்ல" என்றது அவள் வாய்.

"கைக்கொள்வோம், ஆண்டவரே" என்று சொல்லி, பகல் வெளிச்சம் முகத்தில் விழ, ஆனந்தக் கண்ணீரோடு தங்கச்சி தரையில் நெற்றியை வைத்தாள்.