முந்திக்கொண்ட விளக்கு

மரங்கொத்தி தட்டுவதற்கு முன்பே விளக்கு எரிந்துவிட்டது. பதிவில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

வினாடி வினாவின் கடைசிச் சுற்று அது. ஒரு பறவையின் சத்தம் ஒலிக்கும். முதலில் பொத்தானை அழுத்தி விளக்கை எரியவிட்டவர் அந்தப் பறவையின் பெயரைச் சொல்லணும். ஜெயித்த பெண்ணோ சத்தம் வருவதற்கு முன்பே அழுத்தியிருக்கிறாள். சத்தங்களைப் பூட்டி வைத்திருந்த சவுண்டுக்காரர் அவளுடைய தாய்மாமன். அப்புறம் கேட்கவா வேண்டும்? நேரலையை வீட்டிலிருந்து பார்த்தவர்களெல்லாம் ஃபோன் போட்டு வறுத்தெடுத்தார்கள்.

மாலை ஆறு மணிக்கு ஸ்டூடியோ முதலாளி தன் அக்காவை வரவழைத்தார். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். திருடர்கள் வைத்த பெயர் மோப்பக்கா.

"எட்டு மணிக்கு முடிவைச் சொல்லணும்க்கா. தப்புன்னு ஆச்சுன்னா பொண்ணுக்குப் பட்டம் போகும், சவுண்டுக்காரருக்கு வேலை போகும்."

"முதல்ல படத்தைப் போடு."

திரையில் தொகுப்பாளர் அரங்கம் முழுக்க உலாத்திக்கொண்டே பேசினார். காட்சி பெண்ணுக்கு மாறியது. அவள் தண்ணீர் குடித்து டம்ளரை மேசையில் வைத்தாள். கை பொத்தான் பக்கம் போன பிறகு 'ணங்' என்றது. விளக்கு எரிந்தது. அதன் பிறகுதான் மரங்கொத்தியின் டொக் டொக் கேட்டது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டா," என்றார் கூடவே நின்று பார்த்த தொகுப்பாளர்.

மோப்பக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவதாக வந்த பையனிடம் கேட்டார்.

"நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம். நானும் அழுத்தினேன். அவ முந்திட்டா."

"அரங்கத்துல யாராவது ஆட்சேபம் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

சவுண்டுக்காரர் முகம் வெளுத்து மூலையில் நின்றிருந்தார்.

"சொந்தக்காரப் பொண்ணுன்னு முன்னாடியே சொன்னேன் மேடம். சத்தியமா எதுவும் அவகிட்ட காட்டலை."

"அதை விடுங்க. இன்னைக்கு ஸ்டூடியோவுல என்ன புதுசு?"

"ஒரு கேமரா. ஒயர் காலைத் தடுக்குதுன்னு தொகுப்பாளர் சார் சொன்னார், அவருக்காக ஒயர் இல்லாதது வந்துச்சு. காலையில அதுல குரல் முந்திச்சு, உதடு பிந்திச்சு. குரலைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பிச் சரிபண்ணிட்டேன். சார் பேச்சு அச்சுப் பிசகாம இருக்கே, பாருங்க."

"அவர் பேச்சு இருக்கு. அந்த டம்ளர்?"

பதிவை மறுபடி ஓடவிட்டார்கள். டம்ளர் மேசையைத் தொட்டது. கை விலகியது. அப்புறம் 'ணங்'.

சவுண்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"புரிஞ்சுதா?" என்றார் மோப்பக்கா. "ஒயர் இல்லாத கேமராவோட படம் அரை நொடி ஆடி அசைஞ்சு வருது. அதுக்காக நீங்க மொத்தச் சத்தத்தையும் அரை நொடி பிடிச்சு வச்சீங்க. பொண்ணைக் காட்டினது ஒயர் கேமரா, படம் உடனே வந்துடுச்சு. அந்தப் படத்துல எல்லாச் சத்தமும் பின்னாடிதான் வரும். டம்ளரும் சரி, மரங்கொத்தியும் சரி. அதான் அரங்கத்துல நேராக் கேட்டவங்களுக்குத் தப்பாத் தெரியலை. பொண்ணு கேட்டுட்டுத்தான் அழுத்தியிருக்கா."

"அப்போ குற்றவாளி யாரு?" முதலாளி கேட்டார்.

"இவர் உலாத்தல்தான்." மோப்பக்கா தொகுப்பாளரைக் காட்டினார். "நின்ன இடத்துல நின்னு பேசியிருந்தா வம்பே இல்லை."

தொகுப்பாளர் அசடு வழிந்தார். பிறகு அவரே பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

சவுண்டுக்காரர் ஒயர் கேமராக்களின் படத்தையும் அரை நொடி பிடித்து வைத்தார். மூன்று கேமராவையும் ஒரே மேசைக்குத் திருப்பி, பெண்ணை டம்ளரால் தட்டச் சொன்னார். காட்சி மாற மாற அவள் தட்டினாள். மூன்றிலும் 'ணங்' சரியாக டம்ளரோடு வந்தது. எட்டு மணிக்குப் பட்டம் அவளுக்கே என்று அறிவிக்கப்போவதாக முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. சவுண்டுக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில இருந்து தொகுப்பாளர் சார் வாயையே பார்த்துட்டு இருந்துட்டேன் கண்ணு."

பெண் டம்ளரில் தண்ணீர் நிரப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தடவை என்னையும் கொஞ்சம் பாருங்க மாமா."