கடைசி நரம்பு

அரைமணி முன்பு தெளிந்த மருந்து நீர் விட்டு மூடிய, ஊசியோடு சேர்ந்த பிளாஸ்டிக் குழாயில், ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு ஏறியிருந்தது.

நர்ஸ் சாரதாமணி குனிந்து பார்த்தாள். குனிந்தால் நிமிர மனம் வராத களைப்பு. அடுத்த டூட்டிக்காரி வராததால், நேற்றுக் காலை உடுத்திய வெள்ளைச் சேலைதான் இன்று பிற்பகல் மூன்று மணிக்கும் உடம்பில் இருந்தது. குமாரபாளையத்துச் சித்திரை வெயிலும், டெட்டால் நெடியும், சுவருக்கு அப்பால் விடாமல் அடிக்கும் விசைத்தறிகளின் சத்தமும் சேர்ந்து அவள் இமைகளைக் கீழே இழுத்தன.

கட்டிலில் தங்கசாமி. தறிப்பட்டறைக்காரர். நான்கு நாள் காய்ச்சலில் நரம்பெல்லாம் சுருங்கி, ஊசி ஏற்ற இடது மணிக்கட்டில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் அடைத்துப்போனால் அடுத்த பாட்டிலை ஏற்ற வழியில்லை. ஆள் பிழைப்பதும் கஷ்டம். ஐந்து மணிக்கு டாக்டர் வரும்வரை அதைக் காப்பாற்றுவதுதான் அவள் வேலை.

"ஏனுங்க சிஸ்டரம்மா, நின்னுட்டே தூங்கறீங்களா?" விசிறிக்கொண்டிருந்த மனைவி பாப்பாயி சிரித்தாள்.

"கண்ணு மட்டுந்தாங்க தூங்குது. கை வேலை பாக்குது."

ஆனால் கைதான் தவறு செய்திருந்தது. சிரிஞ்சில் மருந்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்போதே குழாயை இடுக்கியால் மூட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் விடும் அந்த மருந்து விலை கூடியது, ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. அதற்குப் பயந்து கடைசிச் சொட்டுவரை தள்ளி, விரலை எடுத்த பிறகே மூடியிருந்தாள். அந்த நொடியில் பின்வாங்கிய ரத்தம் இப்போது கறுத்து உறைந்திருந்தது.

சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தாள். வரவில்லை. ஊசியை உருவினால் நரம்பு போய்விடும். பாப்பாயிக்கு மறைவாக உடம்பைத் திருப்பிக்கொண்டு பலமாக அழுத்தினாள். உறைந்த ரத்தம் உடம்புக்குள் போகக் கூடாதென்று தெரிந்தேதான் செய்தாள்.

எதுவோ விலகியது. கறுப்புக் கட்டி உள்ளே போனது.

தங்கசாமி நீளமாக ஒரு மூச்சு இழுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாலு நாளாத் தூங்காத மனுசன். இப்பத்தான் அசர்றாரு," என்றாள் பாப்பாயி மெல்ல.

இந்த முறை மிச்சம் வைத்து, அழுத்தம் விடாமல் இடுக்கியைப் பூட்டினாள் சாரதாமணி. குழாய் தெளிவாக இருந்தது. அப்பாடா என்று முக்காலியில் சாய்ந்தாள்.

கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாப்பாயியின் விசிறி மட்டும் காற்றை அறைந்துகொண்டிருந்தது.

குழாயில் சிவப்பு.

இடுக்கி பூட்டியபடியே இருந்தது. சிவப்பு அதைத் தாண்டி வந்திருந்தது.

சிரிஞ்சைப் பொருத்தி, இடுக்கியைத் திறந்து அழுத்தினாள். இன்னொரு கையால் தங்கசாமியின் கழுத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. துடிப்பில்லை. நெஞ்சில் கை வைத்தாள். அங்கேயும் இல்லை.

குழாய் மட்டும் சூடாக இருந்தது. அது துடித்தது.

"தூங்கட்டுங்க சிஸ்டரம்மா, எழுப்பாதீங்க," என்றாள் பாப்பாயி.

சாரதாமணி கட்டைவிரல் நகம் வெளுக்க அழுத்தினாள். கண்ணாடிச் சிரிஞ்சுக்குள் ரத்தம் வந்தது. பிஸ்டன் அவள் விரலைப் பின்னுக்குத் தள்ளியது. சிரிஞ்சின் அளவில் ஒரு கோடு. நின்றது. இன்னொரு கோடு. ரத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. விரலை எடுக்கப் பயம். எடுக்காமலிருக்கவும் பயம்.

அப்போது தங்கசாமியின் சில்லிட்ட கை புரண்டது. அவசரமில்லாமல் அவள் முழங்கையைப் பிடித்தது. உள்பக்கமாகத் திருப்பியது.

பாப்பாயி விசிறிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையின் இரண்டு விரல்கள் சாரதாமணியின் தோலைத் தட்டித் தட்டி, நல்ல நரம்பாகத் தேடின.