கையை இறக்காத ஜன்னல்காரி

அந்த ஊரில் எதிரே யார் வந்தாலும் கை உயர்த்த வேண்டும். எதிரே வருபவரும் உயர்த்த வேண்டும். யார் கையை முதலில் இறக்குகிறாரோ, அவருக்கு மரியாதை தெரியாது என்று பொருள். பால்காரரும் மளிகைக்கடைக்காரரும் சந்தித்துக்கொண்டால் தெருவே நின்றுவிடும்.

மூலை வீட்டுக்குப் புதிதாக வந்தவள் மட்டும் கை உயர்த்துவதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பார்ப்பாள். அவ்வளவுதான்.

“ஒரு வாரமா கை காட்டுறேன்,” என்றார் பால்காரர். ரொட்டிக்கடையில் சாய்ந்து நின்றிருந்தார். “ஒரு விரல் அசையல. நான் என்ன மனுஷனா மரமா?”

“முந்தாநாள் அவ தலை மொட்டை,” என்றார் மளிகைக்கடைக்காரர். “நேத்து சுருட்டை முடி. எப்படி? வீட்டுக்குள்ள எதையோ அறுக்கிற சத்தம் வேற. சாக்குல கட்டி நீளமா என்னவோ வந்து இறங்குச்சாம். அதுல ஒரு கால் வெளிய நீட்டிட்டு இருந்துச்சாம்.”

“யாரு பாத்தா?” என்று கேட்டாள் ரொட்டிக்கடை அம்மா.

“பாத்தவங்க சொன்னதா சொன்னாங்க.”

ரொட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த மிளகு காதைத் தீட்டிக்கொண்டாள். மிளகு அம்மாவின் ஒரே பெண். வயது பத்து. உருவம் சிறியது, வாய் காரம். அதனால் அந்தப் பெயர்.

மூலை வீடு மளிகைக்கடைக்காரருடையது. தரகர்தான் வாடகைக்கு விட்டிருந்தார். குடிவந்தவளிடம் மளிகைக்கடைக்காரர் நேரில் பேசியதில்லை.

“இன்னிக்குப் பேசிட்டேன்,” என்றார். “கேட்டுக்கு வெளிய நின்னு பத்து நிமிஷம் பேசினேன். நாளைக் காலைல சாவி என் கையில இருக்கணும்னு சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. அப்படியே உக்காந்து கேட்டா. நான் பேசினா அப்படித்தான்.”

மிளகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மூலை வீட்டு கேட் திறந்தே கிடந்தது. மிளகு நேராக ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியில் தூசி. அதைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தாள்.

ஜன்னல்காரியும் அவளைப் பார்த்தாள்.

மிளகு ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் நின்றாள். ஓர் ஈ வந்து ஜன்னல்காரியின் மூக்கில் உட்கார்ந்தது. மூக்கிலிருந்து கன்னத்துக்கு நடந்தது. கன்னத்திலிருந்து கண்ணுக்குள் நடந்தது. ஜன்னல்காரி கண் சிமிட்டவில்லை.

மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு அதிரும்வரை தட்டினாள். அறுக்கும் சத்தம் நின்றது.

கதவைத் திறந்தவளின் தலையெல்லாம் வெள்ளைத் தூள். கழுத்தில் கழற்றி மாட்டிய பெரிய காது அடைப்பான். கக்கத்தில் ஒரு கால்.

“அக்கா, அது யாரோட கால்?”

“துணிக்கடைப் பொம்மையோடது. முட்டி உடைஞ்சு வந்துச்சு. உள்ள வா, மிதிச்சிடாதே, அங்க ஒரு கை காயுது.”

உள்ளே பொம்மைகள். சில நின்றன. சில படுத்திருந்தன. ஒன்று தலைக்காகக் காத்திருந்தது. அறை நடுவே ஒரு வாளி இருந்தது. இரவு பெய்த மழைத் தண்ணீர் கூரையிலிருந்து அதில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“பெயின்ட் அடிச்சதை ஜன்னல்ல வைப்பேன்,” என்றாள் அக்கா. “அங்கதான் வெயில் வருது. வேலை தலைக்கு மேல இருக்கு. வந்ததுலேர்ந்து முன்வாசலைத் திறக்கவே இல்ல. இந்த ஊர்ல யாரையும் எனக்குத் தெரியாது.”

“உங்கள எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு நீங்க காலி பண்றீங்களாம்.”

“யாரு சொன்னா?”

“வீட்டுக்காரர். பொம்மைகிட்ட சொல்லிட்டாரு. பத்து நிமிஷம்.”

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் வாளியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். “ஒழுகினாலும் பரவாயில்ல. இவ்வளவு வெயில் வர்ற வீடு எனக்கு வேற எங்க கிடைக்கும்? நான் போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“வேணாம்க்கா. பொம்மையைத் திட்டினார்னு தெரிஞ்சா ஊரே அவரைப் பாத்து சிரிக்கும். அந்தக் கோவத்துல நிஜமாவே உங்கள அனுப்பிடுவாரு.”

மிளகு தரையில் காயும் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல்காரியைப் பார்த்தாள்.

“அக்கா, இந்தக் கையை மேல தூக்கின மாதிரி மாட்ட முடியுமா?”

“முடியும்.”

“அவர் திட்டினது உங்க காதுல விழுந்துச்சா?”

“இந்த மிஷின் சத்தத்துல இடி விழுந்தாலே கேக்காது.”

“அப்ப பொய்கூடச் சொல்ல வேணாம்,” என்றாள் மிளகு.

அன்று ரொட்டி போட்ட ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒரே செய்தியைச் சொன்னாள். “நாளைக்குக் காலைல மூலை வீட்டு ஜன்னலுக்கு வாங்க. கை காட்டுவாங்க.”

அன்றிரவும் மழை பெய்து ஓய்ந்தது. காலையில் ஊரே வந்தது.

ஜன்னல்காரியின் கை உயர்ந்திருந்தது.

முதலில் பால்காரர் பார்த்தார். கேன்களைக் கீழே வைத்துவிட்டுக் கை உயர்த்தினார். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அம்மா உயர்த்தினாள். பிறகு எல்லோரும். சாவி வாங்க வந்த மளிகைக்கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். வேறு வழியில்லை. அவரும் உயர்த்தினார்.

ஜன்னல்காரி கையை இறக்கவில்லை. அதனால் யாரும் இறக்கவில்லை.

“நல்ல மரியாதை தெரிஞ்ச பொண்ணு,” என்றார் பால்காரர்.

நேரம் போனது. மளிகைக்கடைக்காரர் இடது கையால் வலது கைக்கு முட்டுக்கொடுத்தார்.

“தங்கச்சி, இறக்கினாத்தான் என்ன?” என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

“நீங்க முதல்ல இறக்குங்கண்ணே.”

“நானா? மாட்டேன்.”

அப்போது முன்வாசல் திறந்தது. தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு அக்கா வெளியே வந்தாள்.

“எல்லாரும் கையை இறக்குங்க. அவ இறக்க மாட்டா. தோள்ல ஆணி அடிச்சிருக்கேன்.”

ஒரு கூட்டம் மனிதர்கள் ஒரு பொம்மைக்குக் கை உயர்த்தி நின்றுகொண்டிருந்தார்கள். பால்காரர் பொம்மையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லோர் கையும் மேலே இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியவில்லை.

மளிகைக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பத்து நிமிடப் பேச்சு அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “நேத்து நீங்க வந்து ஏதோ சொன்னீங்களாமே அண்ணே. மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. என்ன சொன்னீங்க?”

அவர் தொண்டையைச் செருமினார். திறந்த கதவு வழியே வாளி தெரிந்தது. சொட்டு விழும் சத்தமும் கேட்டது.

“அது ஒண்ணுமில்லம்மா. கூரை ஒழுகினா சொல்லுன்னு சொன்னேன்.”

“பத்து நிமிஷமா?” என்றார் பால்காரர்.

“பெரிய கூரை,” என்றாள் மிளகு.

அன்று மாலையே அவர் ஏணியோடு வந்தார். ஜன்னலைத் தாண்டும்போது நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் பொம்மைக்குக் கை உயர்த்திவிட்டுப் போனார்.

தூரத்தில் ரொட்டிக்கடை வாசலில் நின்று பார்த்த மிளகு சட்டென்று வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.