இஞ்சாருங்கோ

“இந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறார்?” என்று கேட்டார் இன்சூரன்ஸ் அதிகாரி திருமதி வின்க்லர்.

“குறிப்பாக யாரையும் இல்லை. ‘இங்கே வாருங்கள், ஒரு தடவை’ என்கிறார். உதவிக்குக் கூப்பிடுகிறார்.”

“பயந்த குரல் மாதிரி இல்லையே?”

“எங்கள் பெண்கள் கத்திக் கூப்பிட மாட்டார்கள்,” என்றான் ராகவ்.

“அப்படியானால், வீட்டில் வேறு ஆள் இருந்ததாக இதை வைத்துச் சொல்ல முடியாது.”

“முடியாது.”

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், ஜெர்மன் மொழியில் நடந்த பேச்சு அது. மேஜையில் இறந்துபோன ஒரு பெண்ணின் செல்போன் இருந்தது. அதில் பத்தொன்பது விநாடிக் குரல். ராகவ் மூன்று முறை கேட்டான், தாளில் எழுதினான், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் என்ற முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டான். அவன் திண்டுக்கல்காரன். பகலில் கம்ப்யூட்டர் வேலை, லீவு நாட்களில் மொழிபெயர்ப்பு. குரல் யாழ்ப்பாணத்துப் பெண்ணுடையது. எந்த ஊராக இருந்தால் என்ன, தமிழ் தமிழ்தானே என்று நினைத்தான்.

அவள் பெயர் சாரங்கா. வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைக்கு மிளகாய்த்தூள் எடுக்கப் போனவள். இங்குள்ள தமிழர்கள் அதை ஜெர்மன்காரர்கள் மாதிரியே கெல்லர் என்பார்கள். கீழே சிக்னல் கிடையாது. மேலே வந்ததும் அனுப்பலாம் என்று, ஊரிலிருந்த தங்கைக்கு ஒரு குரல்செய்தியைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். “யோகம், நீ அனுப்பின தூள் முடியப்போகுது…” அந்த இடத்தில் கதவு சாத்தும் சத்தம். அதன் பிறகு படியில் யாரோ நடப்பதுபோல் டக், டக் என்று ஓர் ஓசை. பிறகு அந்தக் கூப்பிடுதல், இரண்டு முறை, கடைசியில் ‘ஒரு தடவை’ என்பதற்கு ‘ஒருக்கா…’ என்று ஒரு சொல். அதோடு போன் நின்றுவிட்டது.

ஈரத்தில் துருப்பிடித்த இரும்புக் கதவு தானாக இறுகிவிட்டது, பழைய கொதிகலனின் புகைக்குழாய் அடைத்து அறை முழுவதும் நச்சுவாயு நிறைந்துவிட்டது என்று அறிக்கை சொன்னது. அந்த டக், டக் கொதிகலனின் சத்தம் என்று சொன்னவர் புருஷன் உருத்திரமூர்த்தி. தான் அப்போது வேலையில் இருந்ததாகவும் சொன்னார். சாரங்காவின் ஆயுள் காப்பீட்டுப் பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு அதே உருத்திரமூர்த்தியின் வீட்டுக்கு, மறுபடியும் மொழிபெயர்ப்பு வேலையாக, ராகவ் போய்க்கொண்டிருந்தான்.

ட்ராம் கடைசி நிறுத்தத்தில் அவனை இறக்கிவிட்டுத் திரும்பியது. நவம்பர் மாதம். மணி மூன்றரைதான், ஆனால் பனிமூட்டம் தெருவிளக்குகளை அதற்குள் ஏற்ற வைத்துவிட்டது. வேலிகளுக்குப் பின்னால் நனைந்த ஆப்பிள்கள் அழுகிக் கிடந்தன. தெருக்கோடியில், கொடி படர்ந்த பழைய இரட்டை மாடி வீடு.

மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது.

“வாங்கோ தம்பி, வாங்கோ. குளிருக்குள்ள நிக்காதேங்கோ.” ஐம்பது வயது மனிதர், நன்றாக மழித்த முகம், நல்ல கம்பளிச் சட்டை. “உங்களைத்தான் வேணும் எண்டு பேர் சொல்லிக் கேட்டனான், தெரியுமே?”

“என்னையா? ஏன் சார்?”

“சாரும் மோரும் எதுக்கு? அண்ணை எண்டு கூப்பிடுங்கோ.” அவர் சிரித்தார். “அண்டைக்கு நல்லாச் செய்தனீங்கள். அதுதான்.”

ராகவுக்கு அந்தப் பாராட்டு ஏனோ உடம்பில் ஒட்டவில்லை.

கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே பச்சை பூசிய ஓர் இரும்புக் கதவு. அதை மறைத்துச் செருப்பு அடுக்கும் அலமாரி போட்டிருந்தது. அதைக் கடந்து போகும்போது தொண்டை அரித்தது. வறுத்த மிளகாய்த்தூளின் நெடி.

“சமையலா?” என்றான் இருமிக்கொண்டே.

“இல்லையே,” என்றார் உருத்திரமூர்த்தி. “இண்டைக்கு ஒண்டும் சமைக்கேல்லை.”

ஏஜெண்டாக வரவேண்டிய ஜெர்மன்காரி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்திருந்தது. இன்னும் முக்கால் மணி நேரம். மேஜையில் படிவங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ராகவ் முதல் பக்கத்தைப் பார்த்தான். ஆயுள் காப்பீடு. காப்பீடு செய்யப்படுபவர் கம்சனா உருத்திரமூர்த்தி, வயது இருபத்தாறு. இறந்தால் பணம் பெறுபவர் கணவர்.

கம்சனா தேநீரோடு வந்தாள். ஆறு மாதத்துக்கு முன்புதான் கரவெட்டியிலிருந்து கலியாணம் செய்து வந்தவள். இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள்.

“தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை. உங்கட ஊரில டீ எண்டுதானே சொல்லுவியள்? படத்தில பாத்தனான்.”

“ஆமாங்க. டீதான்.”

“நாங்கள் கதைக்கிறது உங்களுக்கு விளங்குமே?”

“விளங்கும்னுதான் நினைச்சுட்டு இருக்கேன்,” என்றான். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. இந்த வீட்டில் அதற்கு வேலையே இருந்திருக்காது போல.

சுவருக்குள் எங்கோ டக் என்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி, டக்.

“என்ன சத்தம்?”

“கொதிகலன்,” என்றார் உருத்திரமூர்த்தி, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கம்சனா குனிந்து பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். “அதைத்தான் கழட்டி எறிஞ்சாச்சு எண்டு சொன்னீங்கள். இப்ப ஊர்ப் பொதுக் குழாயால எல்லே சூடு வருது.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அங்கிருந்துதான் அவள் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, சீனி முடிஞ்சுது.”

உருத்திரமூர்த்தியின் கையிலிருந்த கோப்பை தட்டில் மோதித் தேநீர் சிதறியது.

“எத்தினை தரம் சொன்னனான்! உப்பிடிக் கூப்பிடாதை எண்டு! பேர் சொல்லிக் கூப்பிடு. மூர்த்தி எண்டு கூப்பிடு.”

“வாய் தவறிப் போச்சு,” என்றது உள்ளேயிருந்து சின்னக் குரல்.

அந்தச் சொல் ராகவுக்குத் தெரியும். அதே இழுப்பு, அதே இறக்கம். மூன்று முறை கேட்ட பத்தொன்பது விநாடி.

போன் அடித்தது. ஏஜெண்ட். வழி கேட்கிறாள். உருத்திரமூர்த்தி போனோடு மாடிக்குப் போனார், கீழே சிக்னல் சரியில்லை என்று. ராகவ் சமையலறை வாசலுக்குப் போனான்.

“இப்ப நீங்க கூப்பிட்டீங்களே. அப்படின்னா, ‘இங்கே வாங்க’ன்னு அர்த்தமா?”

கம்சனாவுக்கு வெட்கம் வந்தது. “அதுக்கு அர்த்தம் எண்டு ஒண்டும் இல்லை அண்ணை. நாங்கள் புருசன்ர பேர் சொல்ல மாட்டம். இப்பிடித்தான் கூப்பிடுவம். அம்மா அப்பாவைக் கூப்பிட்டா, அவர் ‘என்னப்பா’ எண்டு கேப்பார். அவ்வளவுதான்.”

“புருஷனை மட்டும்தானா? ஆபத்துல, பக்கத்து வீட்டுக்காரங்களை, தெரியாதவங்களை…?”

“ஐயோ! ஊரே சிரிக்கும்.”

“அவர் வீட்டுல இல்லாதப்ப?”

“இல்லாத ஆளை ஆராவது கூப்பிடுவினமே?” அவள் குரல் தணிந்தது. “கிட்ட நிண்டால்தான் கூப்பிடுறது. காலடி கேட்டால்.”

காலடி.

டக், டக் என்று படியில் நடந்தவர் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். சாரங்கா பயந்து கூப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தன் புருஷன் நிற்கிறார், கூப்பிட்டால் திறப்பார் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையின் மேல்தான் ராகவ் முத்திரை குத்தினான்.

“முதல் மனைவி எப்படி இறந்தாங்கன்னு சொன்னார்?”

“மாரடைப்பு. ஆஸ்பத்திரியில.”

“இல்லை,” என்றான். “இந்த வீட்டுல. அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாடி.”

அவள் ஈரக் கையைத் துணியில் மெதுவாகத் துடைத்தாள்.

“அண்ணை, ஒண்டு சொன்னால் பைத்தியம் எண்டு நினைக்கக் கூடாது. நான் வந்த நாள் தொடக்கம் ஆரோ இவரைக் கூப்பிடுகினம். கீழ இருந்து. நான் கூப்பிடுற மாதிரியே. இவர் ஒருநாளும் பதில் சொல்லுறேல்லை. என்னை உப்பிடிக் கூப்பிடாதை எண்டு சொன்னதும் அதுக்குப் பிறகுதான்.”

“அந்தக் காகிதம் என்னன்னு உங்களுக்குச் சொன்னாரா?”

“ஆஸ்பத்திரிக் கார்ட் எடுக்கத்தானே?”

“நீங்க செத்தா அவருக்குப் பணம் வர்ற காகிதம் அது.”

“நல்லாத்தான் மொழிபெயர்க்கிறீர் தம்பி.”

உருத்திரமூர்த்தி கூடத்தில் நின்றிருந்தார். படி இறங்கிய சத்தமே கேட்கவில்லை. இந்த மனிதருக்கு ஓசைப்படாமல் இறங்கவும் தெரியும் என்று ராகவுக்குத் தோன்றியது. அவர் வாசல் கதவுக்குப் போய்ச் சாவியைத் திருப்பி, உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

“போலீசுக்குப் போவீரோ? போம். அண்டைக்கு எழுதினது ஆர்? முத்திரை ஆரின்ர? பொய்ச் சத்தியம் எண்டு முதல் உம்மைத்தான் பிடிப்பினம். வேலையும் போகும், விசாவும் போகும். ஒரு சொல்லுக்காகவே?”

அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

“போகட்டும்,” என்றான். “அந்த ஏஜெண்ட் அம்மா வந்ததும் இரண்டையும் சொல்றேன். இன்னைக்கு உள்ளதையும், அன்னைக்கு நான் விட்ட தப்பையும்.”

“நான் கையெழுத்துப் போட மாட்டன்,” என்றாள் கம்சனா. “எனக்கு ஏலாது.”

“போடுவாய். அவ போன பிறகும் நீ இந்த வீட்டிலதானே இருக்கப்போறாய். எங்க போவாய்? பாஷை தெரியுமே? ஆரைத் தெரியும்?” அவர் அவளைத் தள்ளிவிட்டு, வாசலை ஒட்டிய சன்னலின் திரையை விலக்கினார். பனிக்குள் மங்கலாக இரண்டு வெளிச்சங்கள் தெரிந்தன. “கார் வருது. சிரிச்சுக்கொண்டு இரு.”

அவர் முதுகு அவர்களுக்குத் தெரிந்தது. கார் வரும் நிம்மதியில் அவர் தோள்கள் தளர்ந்தன.

டக்.

டக்.

மிளகாய் நெடி திடீரென்று ஏறியது. ராகவுக்குக் கண் எரிந்து நீர் வழிந்தது.

“இஞ்சாருங்கோ.”

மெதுவான குரல். பக்கத்து அறையிலிருந்து மனைவி கூப்பிடும் சாதாரணக் குரல்.

“என்னப்பா?” என்றார் உருத்திரமூர்த்தி, திரும்பாமலே.

சொன்ன பிறகுதான் அவர் உறைந்து போனார்.

எத்தனையோ வருடம் வாயில் பழகிய பதில். கம்சனாவுக்கு அவர் ஒருநாளும் அப்படிப் பதில் சொன்னதில்லை.

டக், டக் நின்றுவிட்டது.

அவர் மெல்லத் திரும்பினார். கம்சனா ராகவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

“நான் கூப்பிடேல்லை,” என்று விரல்களுக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

செருப்பு அலமாரி தரையில் உரசிக்கொண்டு ஒதுங்கியது. செருப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

சாரங்கா இறந்த அன்றைக்குத் தீயணைப்புக்காரர்கள் இருவர் தோள்கொடுத்துத் தள்ளித் திறந்த பச்சைக் கதவு, ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

உள்ளே கீழே இறங்கும் படிகள். முதல் மூன்று படி தெரிந்தது. நான்காவது தெரியவில்லை.

உருத்திரமூர்த்தியின் கை பின்னால் நீண்டு பூட்டைத் துழாவியது. சாவி நழுவித் தரையில் விழுந்து, கம்சனாவின் காலடிக்குச் சறுக்கி வந்து நின்றது. அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

வாசல்மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

“தம்பி,” என்றார் அவர், இருட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “தம்பி, அவவுக்குச் சொல்லும். நான் வீட்டில இல்லை எண்டு சொல்லும்.”

ராகவ் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவருடைய கால் ஒன்று தானாக முன்னால் வந்தது. பிறகு மற்றது. விருப்பமில்லாமல், ஆனால் பழக்கத்தில், கூப்பிட்ட இடத்துக்குப் போகிற புருஷனின் நடை.

“இஞ்சாருங்கோ,” என்றது இருட்டு. “ஒருக்கா…”

அந்தச் செல்போனில் குரல் அறுந்த இடம் இதுதான். கதவைத் திறக்கச் சொல்ல வந்திருப்பாள் என்றுதான் கேட்ட எவருக்கும் தோன்றும்.

மூன்று வருடமாக மிச்சமிருந்ததை அவள் சொன்னாள். அன்றைக்கு அவன் தாளில் தவறாக எழுதிக் கொடுத்ததையே சொன்னாள்.

“ஒருக்கா இஞ்ச வாங்கோ.”