சீலைக்குள் நின்ற அந்தோனியார்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கூத்துப் பெட்டகத்தைத் திறந்தபோது உள்ளே கிரீடம் இல்லை.

உடுப்புகள் மடித்தபடியே இருந்தன. வாள் இருந்தது. சதங்கைகள் இருந்தன. மூன்று தலைமுறையாகக் குருநகர்க் கூத்துகளில் அரசர்கள் தரித்த கிரீடம் மட்டும் காணாமற்போயிருந்தது.

"பெட்டகத்தின்ரை திறப்பு ஆரிட்டை இருந்தது?" கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அடைக்கலநாதன் சத்தம்போடவில்லை. அதுதான் யசிந்தாவைப் பயப்படுத்தியது.

"என்னட்டை, ஐயா," என்றாள் குணலட்சுமி.

இருவரும் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார்கள். யசிந்தா குருநகர்க் கத்தோலிக்கப் பங்கின் பிள்ளை. குணலட்சுமி வலிகாமத்துச் சைவத் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. அவளுடைய ஊர்க் காத்தவராயன் கூத்திலிருந்து ஒரு காட்சி, குருநகர்க் கூத்திலிருந்து ஒரு காட்சி. இரண்டையும் ஒரே மேடையில் ஆடவைத்து ஒப்பிட்டுக் காட்டுவதுதான் அவர்களுடைய ஆய்வு. மேடையேற்றம் வெள்ளிக்கிழமை. இயேசுவின் பாடுகளை நினைக்கும் தபசுகாலத்தில் இங்கே கூத்தாடுவதில்லை. படிப்புக்கு என்றபடியால் அண்ணாவியார் இணங்கியிருந்தார். அவருடைய ஒரே மகன் தேவராசாதான் அரசன்.

"வேறை ஒண்டு செய்து வைப்பமே, ஐயா?" என்றாள் யசிந்தா.

"பங்குச் சுவாமி மந்திரிச்ச அந்தக் கிரீடம் இல்லாமல் என்ரை அரசன் ஒருத்தனும் மேடை ஏறினதில்லை, பிள்ளை. பின்னேரம் வரைக்கும் பாப்பன். இல்லாட்டில் இயக்கப் பெடியள் வந்து விசாரிக்கட்டும். திறப்பு ஆரிட்டை இருந்ததெண்டும் சொல்லியனுப்புறன்."

குணலட்சுமி யசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். இயக்கம் விசாரணைக்கென்று கூட்டிப்போன அவளுடைய பெரியப்பாவின் மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.

காலை பத்து மணி. யசிந்தா அவளைக் கோயிலுக்குள் அழைத்துப்போனாள். வானத்தில் எங்கோ இராணுவ ஹெலிகொப்டரின் இரைச்சல். பாடுகளின் காலம் தொடங்கியிருந்ததால் புனிதர்களின் சுரூபங்கள் எல்லாம் ஊதாச் சீலைக்குள் மறைந்து நின்றன. மாதாவும் அந்தோனியாரும் பக்கத்துப் பக்கத்தில், இருவரும் உச்சியில் கூராக. அந்தோனியாரின் சீலை அடியில் எட்டாமல், வேறு சாயலில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டிருந்தது. துணிக்குத் தட்டுப்பாடான காலம். யார் அதைப் பார்க்கப்போகிறார்கள்?

"கிரீடத்தைக் கடைசியா எப்ப கண்டனி?"

"சனி மத்தியானம். ஒத்திகை முடிஞ்சு நான்தான் பூட்டினன்."

"பிறகு திறப்பை ஆருக்கும் குடுத்தனியே?"

"ஒருத்தருக்கும் இல்லை. உடுப்புக் காயப்போடவெண்டு ஐயா வீட்டு லூர்த்தம்மா அன்ரி மட்டும் வாங்கினவா. சாப்பாடும் போட்டுத்தான் என்னை பஸ்ஸுக்கு விட்டவா. ஞாயிறு பூசைக்குப் பிறகு திறப்பைத் தந்திட்டா." அவள் வாசற்பக்கம் பார்த்தாள். "யசி, எனக்குப் பயமாக் கிடக்கு. நான் ஓடிப்போகட்டே?"

"ஓடினாய் எண்டால் நீதான் எண்டு முடிவுகட்டிப்போடுவினம். முழங்காலிலை நிக்கத் தெரியாட்டிலும் பரவாயில்லை, பக்கத்திலை இரு."

யசிந்தா வழக்கம்போல அந்தோனியார் முன் முழந்தாளிட்டாள். காணாமற்போனதைத் தேடித் தருபவர் அவர். நிமிர்ந்து பார்த்தவள், செபத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

பிற்பகல் மூன்று மணி. அண்ணாவியாரையும் அவர் மனைவி லூர்த்தம்மாவையும் கோயிலுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள். நாலுபேர் பார்க்க இதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஐயா, மாதாவின்ரை தலையிலை கிரீடம் இருக்கு. சீலை கூரா நிக்கும். அந்தோனியார் வெறுந்தலையோடை நிக்கிறவர். அவரின்ரை சீலை ஏன் கூரா நிக்குது?"

அண்ணாவியார் சீலையைத் தூக்கினார். புனிதரின் தலையில் அரசர்களின் கிரீடம்.

"உயிர்ப்புத் திருநாள் இரவு வரைக்கும் இந்தச் சீலையை ஒருத்தரும் தொடாயினம். அது குணாவுக்குத் தெரியாது. எங்கடை ஆக்களுக்குத்தான் தெரியும். கிரீடம் ஏறினதாலை சீலை எட்டாமல் போச்சு. அதுக்குத்தான் ஒட்டு. ஒவ்வொரு வருசமும்போலை சனி பின்னேரம் சீலை தைச்சுப் போட்டது நீங்கள், அன்ரி. திறப்பும் அப்ப உங்களிட்டைத்தான் இருந்தது."

லூர்த்தம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"சனம் கூடுற இடம் பாத்துத்தானே பொம்மர் வந்து குண்டு போடுது," என்றாள். "கிரீடம் இல்லாட்டில் இவர் ஆடவிடார். வெள்ளிக்கிழமை என்ரை பிள்ளை வீட்டிலை நிப்பான் எண்டு மட்டும் நினைச்சன். உந்தப் பிள்ளையிலை பழி விழுமெண்டு நினைக்கேல்லை. விழுந்தாப்போலை, வாய் திறக்கப் பயமாப் போச்சு."

அண்ணாவியார் புனிதரின் தலையிலிருந்து கிரீடத்தை எடுத்தார். வெளியே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

குணலட்சுமி யசிந்தாவின் பின்னால் ஒதுங்கினாள். அண்ணாவியார் கிரீடத்தை நெஞ்சோடு அணைத்தபடி கதவைத் திறந்து படிக்கட்டுக்குப் போனார். துவக்கோடு இரண்டு பெடியள்.

"ஆர், ஐயா, திறப்பு வைச்சிருந்த பெட்டை?"

யசிந்தா குணலட்சுமியை முழுதாக மறைத்து நின்றாள்.

"பெட்டையோ? ஒருத்தரும் எடுக்கேல்லை, தம்பி. சனிக்கிழமை நான்தான் மந்திரிக்கவெண்டு கோயிலுக்குள்ளை கொண்டுவந்து வைச்சிட்டு மறந்துபோனன். கிழட்டுப் புத்தி. வீணா உங்களை அலைக்கழிச்சுப்போட்டன்."

அவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா இப்பிடிக் கூப்பிட்டால், ஐயா, உங்களைத்தான் கொண்டுபோவம்."

"ஓம், தம்பி."

வாழ்நாளில் கோயில் வாசலில் நின்று பொய் சொன்னவரல்லர் அவர். மோட்டார்சைக்கிளின் சத்தம் தேய்ந்து மறையும்வரை திரும்பாமல் நின்றார். உள்ளே, லூர்த்தம்மா எழுந்து குணலட்சுமியின் கையைப் பிடித்தாள். குணலட்சுமி கையை இழுக்கவில்லை.