ஓடாத மீட்டரில் அப்பா ஓட்டிய தூரம்

“வண்டிய விக்கப்போறேன்னு உங்கட்ட யாரு சொன்னா?”

நந்தனாவின் கண்களில் கோபத்தையும் மீறி நீர் திரண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, ஷாஜன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக விழித்தான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். அம்மாண்டிவிளையில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் பழைய ஸ்கூட்டரோடு மழைக்கு ஒதுங்கியவள், நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “ஸ்பீடு முள்ளு ஆடுது, கிலோமீட்டர் மட்டும் ஓடல்ல. சரியாக்கித் தருவியளா?”

அந்தக் கண்கள்... அப்போதுதான் மழை கழுவி வைத்தது போல. “நாளைக்கு வாங்க” என்ற இரண்டு வார்த்தைக்குள் அவன் நாக்கு இரண்டு முறை தடுக்கியது.

எண்களைச் சுழற்றும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோயிருந்தது. மாற்றினான். இவ்வளவு பழைய வண்டிக்கு ஒருவர் கிலோமீட்டரைச் சரியாக்கக் கேட்டால் அது விற்பதற்குத்தான் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கேட்காமலே எண்ணைக் குறைத்துவிடுவார்கள். அவன் அதுவரை அதைச் செய்ததில்லை. ஆனால் அவளுக்கு நல்ல விலை கிடைக்கட்டுமே என்று 71,306-ஐ 18,000 ஆக்கினான். சிரிப்பாள் என்று நினைத்தான்...

“எங்க அப்பா ஓட்டின வண்டி இது. அவரு போய் மூணு மாசம் ஆகுது. அவரு ஓட்டின தூரத்த ஒரே நாள்ல அழிச்சுப் போட்டிய!”

“தப்பு என் மேலதான். பழைய நம்பரையே போட்டுத் தாறேன்.”

“அது நின்னுபோன நம்பரு. அதுக்குப் பொறவும் ஆறு மாசம் ஓட்டியிருக்காரு. அந்தத் தூரத்த எங்கேருந்து கொண்டு வருவிய?”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

அவனிடம் அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. தன்னைக் கேட்காமல் ஒரு சம்பந்தத்துக்கு அப்பா வாக்குக் கொடுத்ததால், தோவாளை வீட்டை விட்டு வெளியேறி, மணவாளக்குறிச்சியில் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்புக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டாள். அந்த வாரம்தான் மீட்டரும் நின்றதாம். அவரே முதலில் பேசட்டும் என்று காத்திருந்தாள். ஆறு மாதம். பிறகு ஒரு காலை போன் வந்தது... பேசியது அம்மா.

இரண்டு வாரம் கழித்து, லேப்பில் கூட வேலை பார்க்கும் கிளாரா உள்ளே எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, ஒரு ஆளு நனைஞ்சுபோய் நிக்கியாரு. பயந்து நடுங்குது. ஊசிக்கா உனக்கான்னு தெரியல்ல.”

ஷாஜன்தான்.

“எண்பதாயிரத்து எழுநூத்தி ரெண்டு” என்றான், வணக்கம்கூடச் சொல்லாமல். “உங்க அப்பா போன வழியில நானே ஓட்டி அளந்தேன். ஒரு நாளைக்கு அம்பத்தெட்டு கிலோமீட்டர். அவரு பூ வியாபாரத்துக்குப் போகாத நாளெல்லாம் கழிச்சாச்சு. நூறு எரநூறு கூடக் குறைய இருக்கும்.”

“கணக்கு தப்பு.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “தோவாளையில பூ எடுத்து வடசேரிக் கடைகளுக்குப் போடுவாரு. போக வர இருபதுகூட இருக்காது.”

“வண்டி நம்பர வச்சு தோவாளையில விசாரிச்சப்போ நானும் அப்பிடித்தான் நெனச்சேன். வடசேரியில கேட்டா, பூவப் போட்டுட்டு தெனமும் மேக்க போவாருன்னாங்க. அந்த ரோட்டுல கேட்டுக் கேட்டே வந்தேன்... ஒரு நிமிசம் எதிர்த்தாப்புல வருவியளா?”

எதிரே மரியானின் சாயாக்கடை. மரியான் அவளைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

“முத்துநாயகம் மவளா நீ? இந்த பெஞ்சிலதாம்மா இருப்பாரு. உன் கண்ணுல பட்டுராம வண்டிய சர்ச்சுக்குப் பொறத்த நிப்பாட்டிட்டு, ஒரு கட்டன் சாயா. ஒரு மணிக்கு நீ சாப்பிட வெளிய வருவ. பாத்துட்டுப் போவாரு. ‘பிள்ள மெலிஞ்சிட்டா அண்ணே’ம்பாரு. ஒருநாள் ‘இன்னைக்கு சிரிச்சா’ன்னு, என் கடையிலயே எனக்கு சாயா வாங்கித் தந்தாரு பாத்துக்கோ!”

நந்தனா பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையை உள்ளங்கையால் தடவினாள். ஆறு மாதம்... தினமும். பேசாமல் போனார் என்று நினைத்திருந்தாளே, பார்க்காமல் போகவில்லை அவர். மூன்று மாதமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது கரைந்து கண்ணில் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, தன்னுடைய ஒரு கோபச் சொல்லைத் தலையில் சுமந்துகொண்டு, இதைத் தேடி எடுத்து வந்திருக்கிறான்...

லேப் வாசலில் நின்ற அவள் வண்டியைக் கடைத் தாழ்வாரத்துக்குத் தள்ளி வந்து, அங்கேயே அவன் மீட்டரைப் பிரித்தான். சாரல் படாமல் அவள் குடை பிடித்தாள். எட்டு, பூஜ்யம், ஏழு, பூஜ்யம், இரண்டு... ஒவ்வொரு சக்கரமாக அவன் விரல் நகர்த்தியது. அவன் சட்டையின் முதுகு தொப்பலாக நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். குடை முழுவதும் வண்டிக்குத்தான்!

“முடிஞ்சுது.” ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான். “அப்போ... நான் வரட்டா?”

நகரவில்லை. சொல்ல ஏதோ இருந்தது, அவனுக்கும். அவனே முதலில் சொல்லட்டும் என்றுதான் அவள் மனசு பழக்கப்படி சொன்னது. அந்தப் பழக்கம் எதைக் கொண்டுபோயிற்று என்று இந்த பெஞ்சில் வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். குடையை அவன் தலைக்கு மேல் நகர்த்தினாள்.

“ஷாஜன், எனக்கு உங்கள பிடிச்சிருக்கு.”

அவன் காது மடல் சிவந்தது.

“பத்து நாளா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன்...” பரிதாபமாகச் சொன்னான். “மொதல்ல நாந்தான் சொல்லணும்னு இருந்தேன். அதையும் நீங்களே சொல்லிட்டியளே?”

நந்தனா சிரித்துவிட்டாள். கண்ணீரோடுதான்.

“அதுக்கென்ன... நீங்களும் சொல்லுங்க. கேக்குதேன்.”