புளி தேய்த்த ராணி

“புளி போட்டா தேய்ச்சீங்க?”

யாரோ மவுத்தாகிவிட்ட சாவுச் செய்தியை விசாரிப்பவன் போல அவன் கேட்டான்.

“புளியும் கொஞ்சம் உப்பும்…” என்றாள் சுரையா, பெருமையாகவே. “நல்லா பளபளன்னு ஆயிடுச்சுல்ல?”

அவன் உள்ளங்கையில் அந்தக் காசு பளபளத்தது. அவன் முகம்தான் பளபளக்கவில்லை.

நேற்று மதியம் நடந்தது இவ்வளவுதான். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மீரா முகைதீனின் சாப்பாட்டுக் கடைக்குள், கொட்டுகிற மழைக்குப் பயந்து ஒருவன் ஓடி வந்தான். முடியிலிருந்து மூக்கு நுனி வரைக்கும் தண்ணீர். ஆனால் சட்டைக்குள் அணைத்து வைத்திருந்த பார்சல் மட்டும் காய்ந்தே இருந்தது. கடைக்காரர் மகள் சுரையா அப்போது தேத்தண்ணீர் பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை தவறாமல் அந்தப் பித்தளை பாய்லரில் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்ப்பது அவள் வேலை.

அவன் பார்சலைப் பிரித்தான். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அவன் கண்கள்… அப்பப்பா! பெருநாள் பிறை கண்ட குழந்தைக்குக்கூட அப்படி ஒரு கண் வராது. அதே கண்ணோடு அவன் நிமிர்ந்தான். சுரையா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் வெட்கம் வந்தது. அவன் தேத்தண்ணீரை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அவள் தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அந்த நேரம் பார்த்தா அவன் ஊருக்குப் போகும் சபாக் பஸ் வர வேண்டும்? விழுந்தடித்து ஓடினான். மேசையில் ஒரு சின்னக் காகித உறையும் ஒரு புத்தகமும் அநாதையாகக் கிடந்தன. உறைக்குள் அழுக்கும் பச்சையும் அப்பிய ஒரு பழைய காசு.

இதையா அப்படிப் பார்த்தார்? பாவம்… என்று நினைத்தாள் சுரையா. கையில் புளி இருந்தது. மனத்தில் அந்தக் கண்கள் இருந்தன. உட்கார்ந்து தேய்த்துவிட்டாள்.

“இது ரோமாபுரிக் காசுங்க,” என்றான் அவன்.  “ஆயிரத்து எண்ணூறு வருஷம் மண்ணுக்குள்ள கெடந்து வந்த பச்சை. அந்தப் பச்சைதான் இதுக்கு அழகே. லண்டன்ல தபால் ஏலம் போட்டு, இந்த ராணிக்கு மட்டும் நாலு தடவை தோத்து, அஞ்சாவது தடவை கெடச்சுது. அதைப் போயி… பாய்லரைத் தேய்க்கிற மாதிரி… அறிவிருக்காங்க உங்களுக்கு?”

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை கைகளும் நின்றன.

சுரையாவின் காது சிவந்தது. தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் நாலு பேர் முன்னால் அறிவிருக்கா என்று கேட்ட பிறகு மன்னிப்புக் கேட்க அவள் என்ன மரக்கட்டையா?

“அழுக்கைத் தொடைச்சது ஒரு குத்தமா? விட்டுட்டுப் போன சாமானைப் பத்திரமா எடுத்து வச்சதுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும். காசை எடுத்துக்கிட்டீங்கள்ல? கெளம்புங்க. இனிமே இந்தக் கடை வாசல்ல கால் வைக்காதீங்க!”

அவன் காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான்.

“நல்ல பையன்மா அவன்,” என்றார் மீரா முகைதீன், தேத்தண்ணீரை ஓங்கி ஆற்றியபடி. “பேரு நஜ்முதீன். இடைநிலைப்பள்ளில புதுசா வந்த சரித்திர வாத்தியார். சபாக்ல உம்மாவும் அவனும் மட்டுந்தான்.”

“நான் கேட்டேனா வாப்பா?”

“நீ கேக்கல. நான் சொன்னேன்.”

கோபத்தில் புத்தகத்தை அவன் இந்தத் தடவையும் மறந்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த ஏலத்துக்கான பட்டியல் அது. ஐந்தாம் படிவம் வரை பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சுரையா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஏலத்துக்கு யாரும் நேரில் போக வேண்டியதில்லை. வேண்டிய காசின் எண்ணையும் அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்பதையும் எழுதித் தபாலில் அனுப்பிவிட வேண்டும். குறித்த நாளில் உறைகளைப் பிரிப்பார்கள். அதிகம் எழுதியவருக்குக் காசு… அவ்வளவுதான்.

படங்களுக்குக் கீழே ‘அழகிய பச்சை’, ‘மாசுபடாத பச்சை’ என்று கொஞ்சிக் கொஞ்சி எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு காசுக்குக் கீழே மட்டும் ‘தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது’ என்றிருந்தது. விலை மற்றவற்றில் பாதிகூட இல்லை. அதைப் படித்ததும்தான் அவளுக்கு விளங்கியது. நான் அழுக்கைத் தேய்க்கவில்லை… அந்த மனுஷனுடைய சந்தோஷத்தைத் தேய்த்துவிட்டேன்.

ஒரு பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றாள். அதே ராணி! உச்சியில் பின்னலைச் சுற்றி வைத்த அதே கொண்டை. விரல் வலிக்கத் தேய்த்த முகத்தை அடையாளம் தெரியாமல் போகுமா? பௌஸ்தினா என்று பெயர் போட்டிருந்தது. பச்சை குலையாத இன்னொரு காசு.

அவரும் இதற்குத்தான் எழுதுவார். எழுதட்டும். ஆனால் இது என் கையால்தான் அவருக்குப் போக வேண்டும்.

தையல் மெஷினுக்கென்று சேர்த்த பணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, துணிந்து ஒரு தொகையை எழுதினாள். தபால் பெட்டிக்குள் உறை விழுந்த சத்தத்தில் அவள் நெஞ்சும் ஒருமுறை விழுந்து எழுந்தது.

அப்புறம் காத்திருப்பு. ஒரு வாரமா, இரண்டு வாரமா? மழைக்காலமே பாதி ஓடிவிட்டது.

அவன் கடைக்கு வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் மகராசன். ஆனால் பள்ளி விட்டதும் தினமும் எதிர்ப்பக்கம், மலாய்க்கார அம்மாவின் ஐஸ் கச்சாங் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். வெயிலில் ஐஸ் தின்றால் நியாயம். கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடையும் மறு கையில் கிண்ணமுமாக நின்று ஐஸ் தின்பவனை என்னவென்று சொல்வது? அவன் கடையைப் பார்ப்பான். சுரையா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் குனிந்து ஐஸைக் கிண்டுவான். அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

“அந்தப் பையனுக்கு சளி புடிக்கப் போவுது,” என்றார் வாப்பா.

“புடிக்கட்டுமே,” என்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் லண்டனிலிருந்து பில் வந்தது. ராணி அவளுக்கே கிடைத்துவிட்டாள்! பணம் அனுப்பிய பிறகு ஒரு நாள் தபால்காரர் பார்சலைக் கொண்டுவந்து நீட்டினார்.

“என்னம்மா இது, லண்டன்லேர்ந்து?”

“காசு வாப்பா.”

“காசு குடுத்துக் காசா வாங்கின?” மீரா முகைதீனுக்குத் தலை சுற்றியது. மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கத்து ஐஸ் வண்டியைப் பார்த்தார். மாவு பிசையப் போய்விட்டார்.

காசோடு ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. இந்தக் காசுக்கு வேறு யாரும் எழுதவில்லை, ஆகவே ஆரம்ப விலைக்கே தங்களுக்குத் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? சுரையாவுக்குத் திக்கென்றது. வேறு யாரும் எழுதவில்லை என்றால்… அவர் எழுதவே இல்லையா? நாலு தடவை தோற்றும் விடாத மனுஷன்! காசு சேர்ப்பதையே விட்டுவிட்டாரா? நான் தேய்த்த தேய்ப்பில் அந்த ஆசையே போய்விட்டதா?

அதற்குமேல் வீம்பு நிற்கவில்லை. தாவணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல், மழைக்குள் இறங்கிச் சாலையைக் கடந்தாள்.

அவளைக் கண்டதும் நஜ்முதீனின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

“நான் உங்க கடைப் பக்கம் வரலைங்க. இங்கதான் நிக்கிறேன்…” என்றான் பதறி, குடையை அவள் பக்கம் சாய்த்தபடி.

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்… இந்தாங்க.”

உறையைப் பிரித்தான். பச்சை ராணி. அதே கண்கள்… அன்றைக்குப் பார்சலைப் பிரித்த அதே கண்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

“அலாமாக்! இது ஏலப் பட்டியல்ல வந்ததாச்சே… நீங்களா எழுதினீங்க?”

“நீங்க ஏன் எழுதல? மொதல்ல அதைச் சொல்லுங்க. காசு சேக்கறதையே விட்டுட்டீங்களா? என்னாலயா?”

கேட்கும்போதே குரல் உடைந்தது. மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் அவன் திணறினான்.

“ஐயோ, இல்லைங்க! அழாதீங்க. பட்டியலை மறந்துட்டுப் போனாலும், லண்டனுக்கு எழுதிப் போட்டு இன்னொண்ணு வரவழைச்சேன். இந்த ராணியையும் பாத்தேன். எழுதத்தான் உக்காந்தேன். எழுத முடியல.”

“ஏன்?”

சட்டைப் பையிலிருந்து அவன் எதையோ எடுத்தான். அவள் தேய்த்த காசு. இப்போதும் மின்னியது.

“எனக்குத்தான் ராணி இருக்காங்களே… இன்னொருத்தங்க எதுக்கு?”

சுரையா இமைக்க மறந்தாள்.

“அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி இதைப் பாத்தேன். பச்சையா இருந்தப்ப மூஞ்சியே சரியாத் தெரியல. நீங்க தேய்ச்சதுல கண்ணு தெரிஞ்சுது. கொண்டைப் பின்னல் தெரிஞ்சுது. முன்ன பின்ன தெரியாத ஒருத்தனோட காசுக்கு ஒரு பொண்ணு இவ்வளவு மெனக்கெட்டிருக்காளே, அவளைப் போயி அறிவிருக்கான்னு கேட்டுட்டோமேன்னு… தூக்கமே வரல. மறுநாளே மன்னிப்புக் கேக்க வந்தேன். வாசல்ல கால் வைக்காதேன்னு சொல்லிட்டீங்களே?”

“சொன்னா அப்படியே நின்னுடுறதா?” என்றாள் அழுகையும் சிரிப்புமாக. “எத்தனை கிண்ணம் ஐஸ் தின்னீங்க?”

“எனக்கு ஐஸே புடிக்காதுங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எந்த வழியாக இறங்கிப் போனதென்றே தெரியவில்லை.

“உங்க கண்ணு இந்த ராணி கண்ணு மாதிரியே இருக்கு,” என்றான் அவன் மெல்ல.

“ஆயிரத்து எண்ணூறு வயசுக் கெழவி மாதிரியா?”

“ஐயய்யோ… அப்படிச் சொல்லலைங்க!”

சபாக் பஸ் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அன்றைக்கு விழுந்தடித்து ஓடியவன் இன்றைக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடை வாசலிலிருந்து மீரா முகைதீன் கத்தினார். “தம்பீ! மழையில நின்னு ஐஸ் திங்கறது போதும்லா. உள்ள வந்து சூடா ஏதாச்சும் குடி!”

“வரேன் மாமா!” என்றான் நஜ்முதீன்.

போன மாதம் வரை முதலாளி என்று கூப்பிட்டவன் இன்றைக்கு மாமா என்கிறான். மீரா முகைதீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை சுரையா பாய்லர் முன்னால் புளிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்து நின்றவன் ஒரு சின்ன உறையை நீட்டினான். உள்ளே பச்சை பூத்த ஒரு காசு. தாடி வைத்த ஒரு மனிதர்.

“ராஜா அந்தோனினஸ். ராணியோட புருஷன். நான் மொதமொதல்ல ஏலத்துல ஜெயிச்ச காசு. ராணி போன பெறகும் மறக்க முடியாம, அவங்க முகத்தைப் போட்டுக் காசு அடிச்சுக்கிட்டே இருந்தாராம்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “எங்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தி இதுதான். இதையும்… தேய்ச்சுடுங்க.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். விளையாட்டில்லை. அவன் கை நீட்டியபடியே இருந்தது.

“நெசமாவா?”

“நெசமாத்தான். எனக்குப் பச்சையை விட உங்களைப் பிடிச்சிருக்குங்க. ராஜாவும் ராணியும் ஒரே வீட்டுல இருக்கணும்னு ஆசையா இருக்கு. நாளைக்கு உம்மாவைக் கூட்டிக்கிட்டு வரவா?”

சுரையாவின் விரல்களில் புளி ஒட்டியிருந்தது. எழுந்து போய்க் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் காசை வாங்கினாள். அப்போதும் ஓரத்தை மட்டும் பிடித்து, பூப் போல.

“பச்சையாவே இருக்கட்டும்,” என்றாள் தலை குனிந்தபடி. “உம்மாவை வரச் சொல்லுங்க.”

அடுப்படியில் மீரா முகைதீன் யாரும் கேட்காமலே இன்னொரு தேத்தண்ணீர் ஆற்றத் தொடங்கினார்.